கடலில் கரைத்த 800 டாலர்: ஒரு செம்பூர்க் குடும்பத்தின் கப்பல் கணக்கு

2024 மே மாதம் ஏழு பேர் கொண்ட ஒரு மும்பைக் குடும்பம் சிங்கப்பூரில் கப்பல் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு நான்கு இரவுகளுக்குப் பின் சிங்கப்பூருக்கே திரும்பியது. கப்பலுக்குள் செலவழிப்பதற்கென்று 800 அமெரிக்க டாலரை மும்பையிலேயே முன்கூட்டிக் கட்டியிருந்தார்கள். கப்பலில் அவர்கள் விரும்பிச் செய்த செலவு 741 டாலர்தான். ஆனால் ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தபோது 1,300 டாலர் போயிருந்தது. மதிப்பீடு ஏறக்குறைய சரியாக இருந்தும் 559 டாலர் எங்கே போயிற்று என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

நான் செம்பூர் செட்டா நகரில் அவர்களுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருப்பவன். ஃபோர்ட் பகுதியில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பில்களையும் கப்பல் கணக்குத் தாள்களையும் குடும்பத்தாரே கொடுத்தார்கள்; பெயர்களை மட்டும் நான் தவிர்த்திருக்கிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணம் கட்டுவதற்கு முன்பு அந்த ஏஜென்டின் பில்லை என்னிடம் காட்டினார்கள். தவறு நடந்ததில் எனக்கும் பங்குண்டு.

பெரியவர் மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். 2024 பிப்ரவரியில் ஓய்வு. அடுத்த மாதம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மாலை மாற்றிக்கொண்டு வந்த கையோடு, புனேயிலிருந்த மகள் கப்பல் பயணப் பேச்சை எடுத்தாள். தாணேயில் இருக்கும் மகன், மருமகள், பேத்தி, மகள், மருமகன், பெரியவர், அவர் மனைவி என்று ஏழு பேர், மூன்று அறைகள். பணிக்கொடைப் பணம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. "பிள்ளைகள் ஒரு பைசா செலவழிக்கக் கூடாது, எல்லாம் என் கணக்கு" என்று பெரியவர் சொல்லிவிட்டார். பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்த ஒரு வாக்கியம்தான் வேர்.

சயானில் இருந்த ஏஜென்ட் இந்த மனநிலைக்கு ஏற்ற ஒன்றை வைத்திருந்தார். கப்பலுக்குள் ரொக்கம் புழங்காது. அறைச் சாவியாகவும் அடையாளமாகவும் பயன்படும் அட்டையை நீட்டினால் எல்லாம் அறைக் கணக்கில் ஏறும். கடைசி நாள் காலை அந்தக் கணக்கு கிரெடிட் கார்டில் பிடிக்கப்படும். அந்தக் கணக்கில் முன்கூட்டியே வரவு வைப்பதை ஆன்போர்டு கிரெடிட் என்பார்கள். தமிழில் கப்பல் வரவு என்று வைத்துக்கொள்வோம். "800 டாலர் போட்டுவிடலாம் சார், அங்கே போய் நீங்கள் பர்ஸையே திறக்க வேண்டாம்" என்றார் ஏஜென்ட். கிரெடிட் கார்டே வைத்துக்கொள்ளாத ஒருவருக்கு இது தேன்.

இந்தத் தொகையையும் பயணத் தொகுப்பின் பில்லிலேயே சேர்த்தார்கள். டாலர் சந்தையில் 83 ரூபாய் 50 காசை ஒட்டி இருந்தபோது ஏஜென்ட் போட்ட விலை 86. ஆக 68,800 ரூபாய். தொகுப்பு என்பதால் 5 சதவீத ஜிஎஸ்டி 3,440, சேர்த்து 72,240. அதன்மேல் மூல வரி வசூல், அதாவது பின்னால் வருமான வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய டிசிஎஸ், 5 சதவீதம் என்று 3,612. கையை விட்டுப் போனது 75,852 ரூபாய்.

டிசிஎஸ் ஏன் வந்தது என்பது பலருக்கும் புரிவதில்லை. வருமான வரிச் சட்டம் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு என்பதை மிக அகலமாக வரையறுக்கிறது. பயணம், தங்குமிடம், உணவு மட்டுமல்ல, அவற்றைச் சார்ந்த பிற செலவும் அதற்குள் அடங்கும். அந்த நிதியாண்டில் ஒருவருக்கு 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். (2025 ஏப்ரலில் இந்த வரம்பு 10 லட்சமாக உயர்ந்தது, 2026 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையோ தொகை வரம்பே இல்லாமல் 2 சதவீதம் என்று அறிவித்தது.) அதே 800 டாலரைக் கப்பலிலேயே கிரெடிட் கார்டில் செலவழித்திருந்தால் டிசிஎஸ் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும்போது செய்யும் கிரெடிட் கார்டு செலவையும் டிசிஎஸ் பிடிக்க இடமுள்ள, ரிசர்வ் வங்கியின் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டத்துக்குள் கொண்டுவர 2023 மே மாதம் அரசு முயன்றது. எதிர்ப்பு எழுந்ததும் ஜூன் 28 அன்று அதை ஒத்திவைத்தது. அந்த ஒத்திவைப்பு இந்தக் குடும்பம் பயணம் போனபோதும் நீடித்தது.

பில்லை என்னிடம் கொண்டுவந்தபோது நான் பார்த்தது இவ்வளவுதான். பழைய தொழில் புத்தி. காகிதத்தைத் திருப்பிக் கணக்குப் போட்டேன். கார்டில் செலவழித்தால் வங்கி 3.5 சதவீதம் கூடுதலாக எடுக்கும், அந்தக் கூடுதலுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக ஒரு டாலர் 86 ரூபாய் 95 காசில் நிற்கும். 800 டாலருக்கு 69,559 ரூபாய். ஏஜென்ட் வழியில், திரும்பி வரக்கூடிய டிசிஎஸ்ஸை ஒதுக்கிவிட்டால், 72,240. வித்தியாசம் 2,681 ரூபாய். "ஒரு சினிமாவுக்கு ஏழு பேர் போனால் ஆகும் காசு, நிம்மதிக்காகக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள் சார்" என்று சொல்லிவிட்டேன். விலையைப் பார்த்தேன், விதியைப் பார்க்கவில்லை. அது பில்லின் பின்பக்கத்தில் இருந்தது: திருப்பித் தரப்படாது, ரொக்கமாக மாற்ற இயலாது, வேறு அறைக்கு மாற்ற இயலாது, சூதாட்டக் கூடத்தில் செல்லாது.

கப்பல் வரவில் இரண்டு சாதி உண்டு. மீதமானால் கடைசியில் திரும்பக் கிடைப்பது ஒன்று. செலவழிக்காவிட்டால் காலாவதியாவது இன்னொன்று. சலுகையாகவும் தொகுப்போடும் வருபவை பெரும்பாலும் இரண்டாம் சாதி. சொந்தக் காசைப் போட்டு வாங்கியதைச் சில நிறுவனங்கள் திருப்பித் தருகின்றன, சில தருவதில்லை. கப்பல் கணக்குத் தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பெரியவரின் பணம் சொந்தக் காசு. ஆனால் அது தொகுப்பு வழியாகப் போனதால் காலாவதியாகும் வகையில் விழுந்தது.

மரினா பேயில்

சிங்கப்பூர் மரினா பே கப்பல் முனையத்தில் பதிவுசெய்யும்போதே முதல் நெருடல். ஒவ்வோர் அறைக் கணக்குக்கும் ஒரு கார்டு காட்ட வேண்டும், அல்லது ரொக்கம் வைப்பாகக் கட்ட வேண்டும் என்றார்கள். "ஏற்கெனவே 800 டாலர் கட்டியிருக்கிறோமே?" என்று பெரியவர் கேட்டார். வரவு தீர்ந்துபோனால் என்ன செய்வது, அதற்காகத்தான் கார்டு என்றாள் பதிவு மேசையில் இருந்த பெண். மகன் தன் கார்டை மூன்று கணக்குக்கும் கொடுக்கப் போக, மருமகன் விடவில்லை. "எங்கள் அறைக்கு என் கார்டு, அண்ணா" என்று தன் டெபிட் கார்டை நீட்டினார். சம்பந்தி வீட்டு மரியாதை. அந்த மரியாதையின் விலையைப் பிறகு சொல்கிறேன்.

அந்த டெபிட் கார்டு வேலை செய்யவில்லை. 2020 அக்டோபர் முதல் இந்தியாவில் வழங்கப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டே வருகிறது. நாமாகத் திறந்துவிட வேண்டும். கரையில் இருந்ததால் செயலியில் திறக்க முடிந்தது. நடுக்கடலில் இருந்திருந்தால் வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் எந்த வழியாக வரும்? கப்பலின் கைபேசி இணைப்பு சாதாரண ரோமிங்கில் அடங்காது. தெரியாமல் இணைந்தால் தனி பில். கார்டு ஏற்கப்பட்டதும் கணக்கிலிருந்து ஒரு தொகையை நிறுத்திவைத்தார்கள். கிரெடிட் கார்டில் இப்படிச் செய்தால் வரம்புதான் குறையும். டெபிட் கார்டில் சொந்தப் பணமே முடங்கும். பயணம் முடிந்து சில நாள் கழித்துத்தான் விடுபடும்.

800 டாலர் முழுவதும் முதல் அறையின் கணக்கில், பெரியவர் பெயரில், இருந்தது. மற்ற இரண்டு அறைகளின் கணக்கும் அதோடு இணைக்கப்படவில்லை. இணைக்க முடியும். ஏறிய முதல் நாள் மாலையே விருந்தினர் உதவி மேசைக்குப் போய், மூன்று அறைகளின் செலவும் முதல் அறைக் கணக்கில் ஏறட்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தால் போதும். அப்படி ஒரு வசதி இருப்பது யாருக்கும் தெரியாது. ஏஜென்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று நாள்

பெரியவரும் மனைவியும் கப்பலில் என்ன செலவழிப்பார்கள்? சாப்பாடு கட்டணத்திலேயே அடக்கம். மது இல்லை. மூன்று நாளில் அவர்கள் கணக்கில் ஏறியது 61 டாலர், பெரும்பாலும் காபி. இலவசக் காபி அம்மாளுக்குப் பிடிக்கவில்லை. கட்டணக் காபியும் பிடிக்கவில்லை, ஆனால் காசு கொடுத்த காபி என்பதால் குடித்து முடித்தார்.

மகன் அறையில் 312 டாலர் ஏறியது. சிறப்பு உணவகத்தில் ஓர் இரவு 120, பேத்தியின் பழச்சாறும் மற்ற பானங்களும் 96, ஒவ்வொரு கோப்பைக்கும் 18 சதவீதச் சேவைக் கட்டணம் தானாகச் சேர்ந்தது, வைஃபை 96. இந்த வைஃபையைப் பயணத்துக்கு முன்பே கப்பலின் இணையதளத்தில் வாங்கியிருந்தால் 72 டாலர். மகன் ஏப்ரலிலேயே அந்த விலையைப் பார்த்திருக்கிறான். "அப்பா எல்லாவற்றுக்கும் கட்டிவிட்டார்" என்று விட்டுவிட்டான். மகளும் மருமகனும் புக்கெட் சுற்றுலாவுக்கு 188 டாலர். இவ்வளவும் தந்தையின் 800 டாலரில் கழிகிறது என்றே இரண்டு அறையிலும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பினாங்கு நாளை அம்மாள் இன்றும் மறக்கவில்லை. ஜார்ஜ் டவுனில் குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. 1833இல் எழுந்த கோயில். சுற்றிலும் லிட்டில் இந்தியா: பூக்கடை, புடவைக்கடை, வாழையிலைச் சாப்பாடு, நம் ஊர்ப் பேச்சு. அர்ச்சனைத் தட்டு வாங்க மலேசிய ரிங்கிட் வேண்டும். கப்பல் அட்டை கப்பலின் வாசலைத் தாண்டினால் வெறும் பிளாஸ்டிக். எல்லாப் பணமும் கப்பலில் இருக்கிறதே என்று யாரும் ரிங்கிட் மாற்றிக்கொண்டு வரவில்லை. மருமகன் டெபிட் கார்டில் ஏடிஎம்மில் கொஞ்சம் எடுத்தார். அர்ச்சனை ஆயிற்று, ஒரு வேளைச் சாப்பாடு ஆயிற்று. புடவைக்கடையை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். அந்தப் பயணத்தில் தனக்கு மனம் வந்து செலவழிக்கத் தோன்றிய ஒரே இடம் அதுதான் என்றார் அம்மாள்.

கடைசி இரவு

நான்காம் நாள் மாலை ஆறு மணி வாக்கில் மகன் அறைத் தொலைக்காட்சியில் கணக்கைத் திறந்து பார்த்தான். தன் கார்டில் 312 நின்றது. தங்கை கணக்கில் 188. அப்பா கணக்கில் வரவு மீதம் 739.

உதவி மேசையில் அன்று வரிசை நீளம். கடைசி மாலையில்தான் எல்லோருக்கும் கணக்கு நினைவுக்கு வரும். முக்கால் மணி நேரம் நின்ற பின் கிடைத்த பதில்: ஏறிய செலவை வேறு அறைக்கு நகர்த்த முடியாது, வரவை மாற்றவோ ரொக்கமாகத் தரவோ முடியாது, ஆனால் இன்றிரவு ஐயா தன் அட்டையில் என்ன வாங்கினாலும் வரவில் கழியும். கப்பல் கடைகள் இரவு பதினொரு மணிவரை.

கப்பல் கடை துறைமுகத்தில் நிற்கும்போது திறக்காது, கடலில் போகும்போது மட்டும்தான் திறக்கும். காலையில் சிங்கப்பூர் வந்துவிடும். ஆக இருந்தது நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

முதலில் புகைப்படத் தொகுப்பு, 180 டாலர். அதை எப்படியும் வாங்கியிருப்பார்கள். மாலையும் கழுத்துமாக எடுத்த படங்கள். அதற்குப் பிறகுதான் வேடிக்கை. கைக்கடிகாரம் 285. பெரியவர் கையில் முப்பத்தைந்து வருடமாக எச்எம்டி கட்டியிருக்கிறார். அது ஓடிக்கொண்டும் இருக்கிறது. வாசனைத் திரவியம் இரண்டு குப்பி 148. அந்த வீட்டில் சந்தனத்துக்கு மேல் எதுவும் மணந்து நான் பார்த்ததில்லை. சாக்லேட்டும் கப்பல் படம் போட்ட பையும் 83. பத்தே முக்காலுக்கு மகள், "அம்மா, இந்தச் சங்கிலி உங்களுக்கு நன்றாக இருக்கும்" என்று காட்ட, அம்மாள், "போதும், என்னால் இதற்கு மேல் வாங்க முடியாது" என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டாராம். காசு இல்லாமல் வாங்க முடியாது என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். காசு இருந்தும் முடியாது என்று சொன்னது அன்றுதான். பெட்டிகளை அதற்குள் அறை வாசலில் வைத்துவிட்டிருந்தார்கள், கடைசி இரவில் அதுதான் வழக்கம். வாங்கியதெல்லாம் கைப்பையில் திணிக்கப்பட்டு மும்பை வந்தது.

மீதி 43 டாலர். காலையில் கணக்கு மூடியதும் அது காற்றில் போயிற்று.

எங்கே தவறு

800 டாலரில் விரும்பிச் செலவழித்தது 61ம் 180ம், ஆக 241. கட்டாயத்துக்கு வாங்கியது 516. காலாவதி 43. இதற்கு வெளியே பிள்ளைகள் கார்டில் 500. பெரியவரின் "எல்லாம் என் கணக்கு" என்ற ஆசையும் நிறைவேறவில்லை. மூன்று அறைகளும் ஒரே கணக்கில் இருந்திருந்தால் 741 டாலர் செலவு, 59 டாலர் மீதி. அந்த 59 டாலருக்குச் சாக்லேட்டே போதும்.

559 டாலரை அவர்கள் கொடுத்த விலையில், டாலருக்கு 90 ரூபாய் 30 காசு வீதம், பெருக்கினால் 50,478 ரூபாய். நான் கவலைப்பட்டுக் கணக்குப் போட்ட விலை வித்தியாசமோ 2,681. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாங்கள் அளந்துதான் போட்டோம், வேறு ஆற்றில்.

என் கருத்தில் முன்பணம் கட்டுவதே தவறு என்றாகாது. இதே குடும்பம் ஊழியர்களுக்கான சேவைத்தொகையையும் முன்பே கட்டியிருந்தது: ஏழு பேர், நான்கு இரவு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 18 டாலர், ஆக 504. அதில் ஒரு சென்ட் வீணாகவில்லை. கட்டியிருக்காவிட்டாலும் அந்தத் தொகை தினமும் அறைக் கணக்கில் ஏறத்தான் போகிறது. வைஃபை, கரைச் சுற்றுலா, பானத் தொகுப்பு போன்றவையும் முன்பே வாங்கினால் பெரும்பாலும் மலிவு. இவை பொருளுக்குக் கட்டும் முன்பணம். பெரியவர் கட்டியது பணத்துக்கே முன்பணம். ஃபோர்ட்டில் நான் மாற்றிக் கொடுத்த டாலரை எந்தக் கடையிலும் நீட்டலாம், மிஞ்சினால் திரும்ப மாற்றலாம். கப்பல் வரவு டாலர் போலத் தெரிந்த சீட்டு. ஒரே கடையில், ஒரே ஆள் கையில், ஐந்து பகலுக்குள் செல்லும் சீட்டு.

ஏஜென்டுக்கு வங்கிப் பரிமாற்றமாகவே பணம் கட்டியிருந்தார்கள், கார்டென்றால் 2 சதவீதம் கூடுதல் என்று அவர் சொன்னதால். அதனால் தகராறு எழுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழியும் அடைபட்டது. இது சின்ன விஷயமில்லை. 2019 ஏப்ரலில் மும்பையிலிருந்தே கிளம்பத் தொடங்கிய கர்ணிகா கப்பல், பெருந்தொற்றில் அதன் நிறுவனமான ஜலேஷ் மூடப்பட்டு, 2020 முடிவதற்குள் குஜராத்தின் அலங் கரைக்கு உடைக்கப் போய்விட்டது. 2022 ஜனவரியில் இன்னொரு கப்பல் நிறுவனமான ஜென்டிங் ஹாங்காங் பெர்முடா நீதிமன்றத்தில் கலைப்பு மனு போட்டது. கப்பல் நிறுவனம் முழுகும்போது முன்பணம் கட்டியவர், பணம் வர வேண்டியவர்களின் வரிசையில் பெரும்பாலும் கடைசிப் பக்கம் நிற்பவர்.

2021 செப்டம்பர் முதல் மும்பையிலிருந்து கோவா பக்கம் போகும் கார்டேலியா போன்ற உள்நாட்டுப் பயணங்களில் டிசிஎஸ் தொல்லை இல்லை. மீதி திரும்புமா, எந்த அறைக் கணக்கில் ஏறும் என்ற இரண்டு கேள்விகள் அங்கேயும் உண்டு. எங்கள் கட்டடத்தில் இன்னொரு குடும்பம் பினாங்கு போகும் கப்பலுக்குக் கிளம்பியபோது இந்த இரண்டையும் மின்னஞ்சலில் கேட்கச் சொன்னேன். ஏஜென்ட் பதிலெழுத நான்கு நாள் எடுத்துக்கொண்டார். அதிலேயே அவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. சேவைத்தொகையும் வைஃபையும் மட்டும் கட்டிவிட்டு, ரிங்கிட் மாற்றிக்கொண்டு போனார்கள்.

வால்

டிசிஎஸ் கதை பாக்கி. மொத்தத் தொகுப்பும் 6,30,000 ரூபாய், பெரியவரின் பான் எண்ணில். வசூலான டிசிஎஸ் 31,500. கப்பல் வரவுக்கான 3,612 இதில் அடக்கம். ஓய்வூதியம் மட்டுமே வருமானம் என்பதால் அந்த ஆண்டு அவருக்குக் கட்ட வேண்டிய வரியே இல்லை; பணத்தைத் திரும்பப் பெற வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துதான் ஆக வேண்டும். மகன் பெயரில் வாங்கியிருந்தால், 2024 அக்டோபரில் வந்த மாற்றத்தின்படி அலுவலகத்தில் 12பிஏஏ படிவம் கொடுத்து, சம்பளத்தில் பிடிக்கும் வரியிலேயே கழித்துக்கொண்டிருக்கலாம். பெரியவருக்கு அந்த வழி இல்லை. அந்த ஆண்டுக்கான தாக்கல் தேதியும் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. 2024 ஏப்ரலில் கட்டிய பணம் 2025 அக்டோபரில் வங்கிக்கு வந்தது.

குறுஞ்செய்தி வந்த அன்று மாலை கைபேசியையும், நான் அச்சிட்டுக் கொடுத்திருந்த, அவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையும் எடுத்துக்கொண்டு கீழே வந்தார். கையில் எச்எம்டி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிவத்தின் ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார்.

"இதில் அந்த 43 டாலர் எங்கே வருகிறது?" என்று கேட்டார்.

"அது இதில் வராது சார்" என்றேன். "எதிலும் வராது."

காப்பி கொண்டுவந்து வைத்தாள் என் மனைவி. குடித்துவிட்டு, படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.